தோலில் தங்கிய நோய்

வங்காளத்திலும் பீகாரிலும் மக்களை நெடுங்காலம் வாட்டிய நோய் ‘காலா அசார்’ எனப்படும் கருங்காய்ச்சலாகும். மணல் ஈ கடிக்கும்பொழுது ஓர் ஒட்டுண்ணி உடலினுள் புகுகிறது. காய்ச்சல் நீடிக்கும், மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும். 1903ஆம் ஆண்டில் லீஷ்மன் என்பார் இங்கிலாந்திலும், டோனவன் என்பார் சென்னையிலும் இவ்வொட்டுண்ணியைக் குறித்து எழுதினர். அவ்விருவர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகிறது.

மருந்துண்டு நலம்பெற்றவர் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், முகத்திலும் உடலிலும் வெளிறிய திட்டுகளும் சிறு முடிச்சுகளும் தோன்றும். காண்போர் அவற்றைத் தொழுநோய் என்றே எண்ணுவர். 1922ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மசாரி, இது பழைய கருங்காய்ச்சலின் எச்சமே என எடுத்துரைத்தார்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? தொழுநோய்த் திட்டுகளில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றும். இத்திட்டுகளில் அது குன்றுவதில்லை. முன்னர் நெடுங்காய்ச்சல் வந்ததுண்டா என மருத்துவர் வினவுவார். பின்னர்த் தோலைச் சிறிது கீறி, கசியும் நீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்வார். ஒட்டுண்ணி தென்படின் ஐயம் அகலும்.

இரு நோய்களும் தீரக்கூடியவையே. ஆயினும் மருந்துகள் வேறு. மேலும், இத்தோல் நோயுடையார்க்குக் காய்ச்சலோ தளர்ச்சியோ பெரும்பாலும் இராது. ஆதலின் மருத்துவரை நாடார். அவரைக் கடித்த மணல் ஈயோ நோயைப் பிறர்க்குக் கொண்டு செல்லும். ஒருவர் அறியாது சுமக்கும் நோய், ஊரையே மீண்டும் வருத்தக்கூடும்.

ஆதலின், தோலைக் கண்ட அளவில் நோய்க்குப் பெயரிட்டு ஒருவரை ஒதுக்குதல் தகாது. வினவியும் ஆராய்ந்தும் தெளிதலே அறிவுடைமை.