ஒகேனக்கல்லில் எலக்ட்ரான் விழுந்தால்?

ஒகேனக்கல்லில் பாறை விளிம்பு வரை வந்த காவிரி, விழ மாட்டேன் என்று வந்த வழியே திரும்பிப் போனதை யாராவது பார்த்ததுண்டா? கிடையாது. ஆனால் எலக்ட்ரான் திரும்பும். மேட்டைக் கண்டு திரும்பினால் நியாயம், இது பள்ளத்தைக் கண்டே திரும்பும்!

துகளுக்கும் அலை உண்டு என்று 1924-ல் டி பிராய் சொன்னார். 1926-ல் ஷ்ரோடிங்கர் அதற்குச் சமன்பாடு தந்தார். வேகம் சட்டென்று மாறுகிற இடத்தில் அலை கொஞ்சமாவது திரும்பும். ராத்திரி பஸ் ஜன்னலில் நம்ம முகம் தெரிவதும் இதனால்தான். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது.

கணக்குக்கு வருவோம். எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 1 பங்கு. நிலை ஆற்றல் திடீரென்று 3 பங்கு இறங்குகிறது. இதைத்தான் 'படி' என்கிறோம். இறங்கியபின் இயக்க ஆற்றல் 4 பங்கு, எனவே வேகம் 2 மடங்கு. இரண்டு வேகங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூடுதலால் வகுத்து வர்க்கம் எடுத்தால் திரும்பும் பங்கு கிடைக்கும். 1/3-ன் வர்க்கம் 1/9. அதாவது சராசரியாக 9 எலக்ட்ரானில் ஒன்று திரும்பும். எலக்ட்ரான் உடைவதில்லை. முழுசா திரும்பும், இல்லை முழுசா போகும். எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இங்கேதான் பல பேர் மாட்டிக்குவாங்க. வரும் அலையின் வீச்சு 1 என்றால், கடந்து போகும் அலையின் வீச்சு 2/3. வர்க்கம் 4/9. திரும்பிய 1/9-ஐக் கூட்டினால் 5/9 தான். மீதி 4/9 எங்கே? எங்கேயும் போகவில்லை. அகலமாக, மெதுவாக வரும் ஆறு விழும்போது வேகம் கூடி மெலிகிறது, ஆனால் விநாடிக்கு ஓடும் தண்ணீர் அதே அளவுதான். அதுபோல 4/9-ஐ வேக விகிதம் 2-ஆல் பெருக்கணும். 8/9 வந்துவிடும்.

4 பங்கு ஆற்றலோடு வந்து 3 பங்கு மேடு ஏறினாலும் அதே 1/9 தான் திரும்பும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்போ கல் ஏன் திரும்புவதில்லை? படி, அலைநீளத்தைவிடக் குறைந்த தூரத்துக்குள் இறங்கணும். விநாடிக்கு 1 மீட்டர் போகும் 1 கிலோ கல்லின் அலைநீளம் மீட்டரில் 0 புள்ளி போட்டு, 33 சைபருக்குப் பின் 66. அவ்வளவு கூரான பாறை எங்கேயும் இல்லை!

மெதுவான அணுவுக்கு அலைநீளம் பெரிசு. 2001-ல் ஜப்பான் விஞ்ஞானி ஷிமிசு மிக மெதுவான நியான் அணுக்களைக் கண்ணாடி, சிலிக்கான் பரப்புகள் மேல் விட்டுப் பார்த்தார். பரப்பு அணுவைத் தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒரு பகுதி, பரப்பைத் தொடாமலே திரும்பி வந்தது.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்