நடந்தது, செய்தது, வேண்டியது

2020 மார்ச் 24 ராத்திரி டிவியில் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். என் வீட்டுக்காரர் லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்களுக்கு வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருக்கிற ஊர். ஆள் இல்லாமல் வீட்டை நடத்துவது எங்களுக்குப் புதிதல்ல. என் இரண்டாவது பிரசவமும் மகளின் காதுகுத்தும் அவர் இல்லாமல்தான் நடந்தன. இதையும் தாங்கிவிடலாம் என்றே நினைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அதுவரை ஆபத்து அவர் பக்கம் இருந்தது, வீடு பத்திரமாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் அவர் லடாக் குளிரில் தூங்கினார். கொரோனா வந்த பிறகு இரண்டு பக்கமும் ஆபத்து. அவருக்காக நாங்கள் பயந்தது போக, எங்களுக்காக அவரும் பயப்பட ஆரம்பித்தார்.

பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்தியை போனில் சொல்லமாட்டோம். "அங்கே இருக்கிறவன் மனசு கெடக்கூடாது" என்று மாமியார் சொல்லித்தருவார், நாமும் அப்படியே செய்வோம். ஏப்ரலில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நான்கு நாள் விடாத காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்து பரிசோதனைக்கு அழைத்துப்போனார்கள். கொரோனா இல்லை, டைபாய்டுதான். நான் போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஆனால் தெருப் பையன் ஒருவன், "அண்ணா, அம்மாவை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனாங்களே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டான். அதற்கப்புறம் இரண்டு நாள் அவருக்கு சிக்னல் இல்லை. அந்த இரண்டு ராத்திரியும் அவர் டியூட்டியில் நின்றார்.

லைன் கிடைத்ததும் அவர் கோபப்படவில்லை. மெதுவாக ஒன்று கேட்டார்: "இனிமே நீ நல்லா இருக்கோம்னு சொன்னா, நான் எப்படி நம்புறது?"

அன்று நான் சாப்பிடவில்லை. என் மாமனார், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். "போஸ்ட்ல இருந்து ரிப்போர்ட் அனுப்புறப்போ நாங்க எதையும் மறைக்க மாட்டோம்மா, பெருசுபடுத்தவும் மாட்டோம். என்ன நடந்துச்சு, நாம என்ன செஞ்சோம், இப்ப என்ன வேணும். மூணே மூணு. நீயும் அப்படிச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். "பாப்பாவுக்கு வாந்தி. நர்ஸ் அக்காகிட்ட கேட்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். இப்ப ஒண்ணும் வேணாம், தூங்குறா." இந்த மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "ஒன்றும் வேண்டாம்" என்று காதால் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. வேண்டியது இருந்தால் கட்டாயம் கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கும். மாமாவின் சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்றபோது, லீவில் வந்து ஊரிலேயே மாட்டிக்கொண்ட நண்பரிடம் சொல்லி மாத்திரை வீட்டுக்கு வந்துசேர ஏற்பாடு செய்தது அவர்தான். அதைச் செய்துமுடித்த அன்று அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

அவரும் இதே முறையில்தான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "யூனிட்ல ரெண்டு பேருக்கு பாசிட்டிவ். என்னைத் தனியா வச்சிருக்காங்க, 14 நாள். சார்ஜர் மட்டும்தான் வேணும், வாங்கிட்டேன்." கேட்டதும் வயிறு கலங்கியது உண்மை. ஆனால் நானாகக் கற்பனை செய்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

ஜூன் மாதத்தை மறக்கவே முடியாது. 16-ஆம் தேதி டிவியில், லடாக்கின் கல்வானில் சீன ராணுவத்தோடு மோதல் என்று செய்தி. முதலில் நம் பக்கம் மூன்று பேர் இறந்ததாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. ராத்திரிக்குள் இருபது பேர் என்று ஆனது. எங்களுக்கோ ஐந்து நாளாக போன் இல்லை. தெருவில் நாங்கள் ஐந்து பெண்கள், ஐவரின் கணவர்மாரும் அந்தப் பக்கம்தான். மாமா எழுந்து டிவியை நிறுத்தினார். "போன் வரலைன்னா சிக்னல் இல்லைன்னு அர்த்தம். கெட்ட சேதி வரணும்னா அதைச் சொல்ல ஆள் வரும்" என்றார். கல் மாதிரி வார்த்தைதான். ஆனாலும் அன்று அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம். மொட்டை மாடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, யாருக்கு முதலில் போன் வந்தாலும் மற்றவர்களின் ஆட்களைப் பற்றியும் கேட்பது என்று முடிவு செய்தோம். மறுநாள் சாயங்காலம் ஒருத்திக்கு வந்த ஒரு நிமிட அழைப்பில் ஐந்து வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

நாங்கள் ஐவரும் பிறகு ஒரு நோட்டு போட்டோம். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெயர், எந்தத் தேதியில் தீரும், யார் வாங்கப் போவது எல்லாம் அதில் இருக்கும். பாலிகிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கி, பில் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ள முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அப்போது அனுமதித்தது. டாக்டர் சீட்டும் பில்லும் சேர்ந்து இருந்தால்தான் வேலை நடக்கும், அதனால் இரண்டையும் ஒன்றாகக் குத்திவைத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை: ஈ.சி.எச்.எஸ். கார்டு, மாமாவின் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை, வீட்டுக்காரரின் ஆர்மி நம்பர், யூனிட் முகவரி, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் போன் நம்பர். பீரோவுக்குள் வைக்காதீர்கள், ஆணியில் மாட்டுங்கள். அவசரத்தில் சாவி கிடைக்காது.

2021 மே மாதம் அந்தப் பை தேவைப்பட்டது. 10-ஆம் தேதி மறுபடியும் முழு ஊரடங்கு. அதே வாரம் மாமாவுக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள் விரலில் ஆக்சிமீட்டர் 91 காட்டியது. 94-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தோம். 108-க்கு போன் போட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "மாமாவுக்கு பாசிட்டிவ், 91. அடுக்கம்பாறைல சேர்த்துட்டோம், ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க. நீங்க அவர்கிட்ட தினமும் பேசணும்." அவரால் வர முடியவில்லை. வரச் சொல்லி நானும் அழவில்லை. சிக்னல் கிடைத்தபோதெல்லாம் வார்டுக்கே கூப்பிட்டார், கிடைக்காத நாளில் குரல் பதிவு அனுப்பினார். மாமா அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாராம், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

மாமா வீடு திரும்பிய பிறகு, மே 27-இல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய சேஹத் சேவையில் போன் வழியாகவே ராணுவ டாக்டரைப் பார்க்க முடிந்தது. மூச்சு வாங்கும் மனிதரை பஸ்ஸில் ஏற்றி அலையவேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன், ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் காலை, மகன் கூப்பிட்டதும் மாமா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பேசியதை நர்ஸ் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். இன்னும் வைத்திருக்கிறேன். இடையிடையே இருமல். "காலைல 95. இட்லி ரெண்டு சாப்பிட்டேன். உன் பொண்டாட்டியைக் கொஞ்சம் தூங்கச் சொல்லு."