பல்லில் பூச்சி இல்லை

செஞ்சிப் பக்கத்து ஊர்களில் பிள்ளையின் பல்லில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால், ஆயா வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "பூச்சி அரிச்சிடுச்சி" என்பதுதான். சொத்தைப் பல் என்று சொல்வோரைவிடப் பூச்சிப் பல் என்று சொல்வோரையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பல் பற்றி நம்மிடம் உள்ள தவறான நம்பிக்கைகளில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்து முளைத்தவை. உள்ளே பூச்சி இருக்கிறது என்றால் அதைப் புகை போட்டு விரட்ட வேண்டும், அல்லது குடைந்து எடுக்க வேண்டும், அல்லது பல்லையே பிடுங்க வேண்டும். குடைவதை நினைத்துப் பயந்து, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். கன்னம் வீங்கி, பிள்ளை ராத்திரி முழுக்க அழுத பிறகுதான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறுகிறோம். மெஷினே வைக்காமல் நிறுத்தியிருக்கக்கூடிய சொத்தை அதற்குள் நரம்பைத் தொட்டுவிடுகிறது.

அதனால் பூச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

"என் கண்ணால பார்த்தேன், புழு விழுந்துச்சி."

பார்த்தது பொய்யில்லை. இந்தப் பக்கத்துத் தரிசுகளில் முள்ளும் ஊதாப் பூவுமாகப் படர்ந்து கிடக்கும் கண்டங்கத்திரியின் காய்ந்த விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிப்பது பழைய வைத்தியம். புகை பிடித்து முடித்தால் வெள்ளையாய், சின்னதாய்ச் சில புழுக்கள் கிடக்கும். ஆனால் அவை பல்லிலிருந்து விழுந்தவை அல்ல. கத்திரிக் குடும்பத்து விதைகளுக்குள் இருக்கும் முளைக்கரு வளைந்து, பார்ப்பதற்குப் புழுவைப் போலவே இருக்கும். சூட்டில் விதை வெடித்ததும் அது வெளியே வந்து விழுகிறது. ஐரோப்பாவிலும் இதே குடும்பத்து வேறொரு செடியின் விதையைக் கொண்டு பல நூற்றாண்டு காலம் இதையே செய்தார்கள். பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் சொத்தைப் பல்லை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, புழு எதையும் தாம் காணவில்லை என்று 1728-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அப்படியானால் சொத்தை எதனால் என்ற கேள்விக்கு விடையைச் சொன்னவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர். வாயில் வாழும் கிருமிகள், நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று அவர் 1890-ல் விளக்கினார்.

பூச்சி அரித்த மரம் பழையபடி ஆகாது. பல்லின் கதை வேறு. பிஸ்கட் தின்ற அரை மணி நேரம் பல்லின் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கரைகிறது. பிறகு எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து படிய வைக்கிறது. கரைவதும் படிவதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கின்றன. படிவதைவிடக் கரைவது மிஞ்சினால்தான் சொத்தை. அதன் முதல் அடையாளம் கறுப்பு அல்ல, வெள்ளை. மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலாக ஒரு கோடு தெரியும். இந்தக் கட்டத்தில் பல்லில் ஓட்டை இல்லை. ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்கி, இனிப்பைக் குறைத்து, மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினால் அந்தப் பல் திரும்ப இறுகிவிடும். ஊசியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். பிள்ளை அம்மா மடியில் படுத்திருக்கும்போதே பூசி முடித்துவிடலாம்.

"பால் பல்லுதானே, வுடு, விழுந்து முளைக்கும்."

முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும் என்பது சரி. ஆனால் மெல்லும் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லோடு பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் சோறு தின்றாக வேண்டும். அதன் வேரில் சீழ் பிடித்தால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் கெடலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்னொன்று: ஆறு வயதில் எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால், எதுவும் விழாமலே முளைக்கிற கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துக் கோட்டைவிடும் வீடுகள் நிறைய. அந்தப் பல் போனால் போனதுதான்.

"டாக்டர்கிட்ட போனா மெஷின் வச்சிக் குடைவாங்க."

இந்தப் பயத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். ஓட்டை விழுந்த பிறகும் பல பற்களைக் குடையாமல் காப்பாற்ற இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற திரவம். ஜப்பானில் 1970-லேயே அனுமதி பெற்றது. அமெரிக்கா 2014-ல் பல் கூச்சத்துக்காக அனுமதித்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, ஈறில் வாசலின் தடவிவிட்டு, சின்னத் தூரிகையால் சொத்தையின் மேல் ஒரு நிமிடம் தடவுவார்கள். ஒரு சொட்டு பல பற்களுக்குப் போதும். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லை இறுக்குகிறது. ஹாங்காங்கில் 888 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 38 சதவீதக் கரைசலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவியபோது, இரண்டரை வருட முடிவில் நான்கில் மூன்று பங்கு சொத்தைகள் அப்படியே நின்றுபோயிருந்தன. மின்சாரமோ நாற்காலியோ கம்ப்ரஸரோ தேவைப்படாத வைத்தியம் இது. மலையடிவாரத்து அங்கன்வாடியில் வைத்தே செய்யலாம் என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு விலை உண்டு. மருந்து பட்ட சொத்தை கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்கூட்டிச் சொல்லாமல் தடவிவிட்டால், "வைத்தியம் பார்த்து பல்லு இன்னும் கெட்டுப்போச்சி" என்று அம்மா கலங்குவது நியாயமே. மருத்துவர் முதலிலேயே சொல்ல வேண்டும், நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல பல் கறுக்காது, சொத்தை மட்டுமே கறுக்கும். மிருதுவாக, பழுப்பாக இருப்பது நடந்துகொண்டிருக்கிற சொத்தை. கல்லாக இறுகிக் கறுத்திருப்பது நின்றுபோன சொத்தை. கடைவாய்ப் பல் என்றால் தயங்கவே வேண்டாம் என்பேன். சிரித்தால் தெரிகிற முன்பல் என்றால் பெற்றோர் யோசித்து முடிவெடுக்கட்டும். பெண் பிள்ளை ஆயிற்றே என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தப் பல் எட்டு வயதுக்குள் விழுந்துவிடும், அதுவரை வலியில்லாமல் இருக்கட்டும் என்பதுதான். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வாயில் புண் இருக்கும்போதும் இந்த மருந்து கூடாது.

இரண்டாவது வழி மின்சாரம் இல்லாத ஊருக்காகவே பிறந்தது. 1980-களின் நடுவில் தான்சானியாவில், கைக்கருவியால் மிருதுவான சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் சிமெண்டால் அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1994-ல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகெங்கும் பரப்பியது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது.

மூன்றாவது, நோர்னா ஹால் என்ற ஸ்காட்லாந்துப் பல் மருத்துவரின் பெயரால் வழங்குவது. சொத்தையைத் தொடாமலே பால் கடைவாய்ப் பல்லின் மேல் எஃகுத் தொப்பியைச் சிமெண்ட் வைத்து மாட்டிவிடுவது. உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை போகாது, சொத்தை நின்றுவிடும். செஞ்சிக்காரர்களுக்கு இது உடனே புரியும். 1690-ல் மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையில் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மூன்று மலைகளையும் சுற்றி வளைத்து முழுதாக அடைக்க முடியாததுதான். பல்லின் மேல் போடும் தொப்பியில் அந்த இடைவெளி இல்லை.

இந்த மூன்றும் எல்லாப் பல்லுக்கும் ஆகாது. தானாக வலித்து ராத்திரியில் எழுப்பும் பல், ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம் எல்லாம் நரம்புவரை போனதன் அடையாளம். அப்போது வேர் வைத்தியமோ, பிடுங்குவதோதான். பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது வெறும் பயம். கிராம்பு எண்ணெய் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யுமே தவிர சொத்தையை நிறுத்தாது.

"ஃப்ளோரைடு பேஸ்ட் பிள்ளைக்கு விஷம்."

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் பழுப்பேறியவர்களைப் பார்த்தவர்கள் இப்படிப் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. அங்கே காரணம் நிலத்தடி நீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்ததன் விளைவு. துலக்கித் துப்பும் பேஸ்ட்டை அதோடு சேர்க்கக் கூடாது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, பெரியவர் கையால் துலக்கிவிட வேண்டும். டியூபில் 1000 பிபிஎம் அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

"மிட்டாயே தின்னாத பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று கேட்கிறவர்களின் வீட்டில், சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்கும். டீயில் நனைத்த ரஸ்க், இனிப்பு சிரப், பொழுதெல்லாம் கொறிக்கும் பிஸ்கட் என்று சர்க்கரை பல வேடத்தில் வரும். எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லைக் கெடுக்கிறது.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளில் சொத்தைப் பல்லும் ஒன்று. குழு வரும் நாளைப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அதற்கு முன்னால், காலையில் வாசல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் சாய்த்து, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால், மருத்துவரிடம், "குடையாம மருந்து தடவி நிறுத்த முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.