மரத்துக்கும் பணம் வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெங்களூரில் மூன்று மாத மரவேலைப் பள்ளியில் சேரப் போகிறாய், கட்டணம் ஒன்றரை லட்சம் என்று அக்கா போனில் சொன்னாள். சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம் இருக்கிறதாம். பற்றாவிட்டால் நகையை வங்கியில் வைக்கலாம் என்றும் பேச்சு ஓடுகிறதாம். பிளஸ் டூ முடித்த கையோடு தச்சு வேலை கற்கிறேன் என்று நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். போகாதே என்று தடுக்க இதை எழுதவில்லை. கணக்கை மட்டும் கொஞ்சம் பார்ப்போம்.

அந்த ஒன்றரை லட்சம் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? முதலில் அதைக் கேள். தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம். தனியாகப் போட்டால் 27,000 ஏறி 1,77,000 ஆகிவிடும். மிச்சம் 23,000 ரூபாயில் நீ மூன்று மாதம் பி.ஜி.யில் தங்கி, அட்வான்ஸ் கொடுத்து, சாப்பிட்டு, பஸ் ஏற வேண்டும். பெங்களூரில் அது நடக்காது. நகைக்கு வேலை வருவது அங்கேதான். சரி, எப்படியோ முடித்துவிட்டு ஊருக்கு வருகிறாய். கையில் சான்றிதழ் இருக்கும். உளி வாங்கவும் பலகை வாங்கவும் எங்கே போவாய்? கற்ற கை ஆறு மாதம் மரத்தைத் தொடாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். கட்டணத்தைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். கெடுத்துப் பழக மரம் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரு ஸ்டூலை எடுத்துக்கொள். கால் நாலு, ஒன்றரை அடி நீளம், இரண்டுக்கு இரண்டு அங்குலம். இதுவே ஆறில் ஒரு கன அடி. மேல்பலகை பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம், கனம் ஒரு அங்குலம். குறுக்குச் சட்டம் நாலு, ஓரடி நீளம், இரண்டுக்கு ஒன்று. எல்லாம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கன அடிதான். ஆனால் மரவாடியில் அந்த அளவுக்கு வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். இழைப்பில் போவது, முனை வெடிப்பு, கணு, ரம்பம் தின்பது என்று கழிவு இருக்கிறதே! அரை கன அடிக்குக் குறையாமல் வாங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஸ்டூல் ஆடத்தான் செய்யும். ஆடாத ஸ்டூல் வர எத்தனை அரை கன அடி போகும் என்று நீயே போட்டுப் பார். தேக்கில் பழக வேண்டாம். வேம்பு போதும், மா போதும்.

இப்போது நான் சொல்லும் வழி. நம் அரசு ஐ.டி.ஐ.யில் கார்பெண்டர் பிரிவு ஒரு வருடம். எட்டாவது தேறியிருந்தாலே சேரலாம், நீ பன்னிரண்டாவது. கல்விக் கட்டணம் இல்லை. சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் தருகிறார்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளை. அதனால் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் வருடத்துக்கு 21,000. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் படிக்கிற வருடம் முழுக்க வீட்டுப் பணத்தைத் தொட வேண்டியிருக்காது.

ஐ.டி.ஐ.யில் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கதவு, ஜன்னல், பொருத்து வகைகள், அளவு எடுப்பது எல்லாம் அடித்தளமாக வரும். நல்ல மேஜை நாற்காலி வடிவமைப்பது, பாலிஷின் நுணுக்கம், புதிய மெஷின்கள், இவையெல்லாம் வாத்தியாரையும் பட்டறையையும் பொறுத்தது. உன் பெங்களூர் பள்ளியின் பலம் இங்கேதான். ஆளுக்கு ஒரு பெஞ்சு, சின்ன வகுப்பு. அதை மறுக்கவில்லை. ஐ.டி.ஐ. முடிந்த பிறகு, எது உனக்கு வரவில்லை என்று தெரிந்துகொண்டு, அதற்கு மட்டும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ குறுகிய வகுப்புக்குப் போ. மெஷின் பக்கம் மனம் போனால் மல்லேசுவரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, இயந்திர மரவேலைக்கு அங்கே தனிப் பயிற்சி மையமே உண்டு.

கடன் பற்றி ஒரு வார்த்தை. திறன் பயிற்சிக்கு அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. முன்பு உச்சவரம்பு ஒன்றரை லட்சம், 2024-இல் ஏழரை லட்சம் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் படிப்பு தேசியத் திறன் தகுதிச் சட்டகத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்திலாவது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உன் பள்ளியின் படிப்பு இதில் வருகிறதா என்று எழுத்தில் கேள். வழவழவென்று பதில் வந்தால் வராது என்றே வைத்துக்கொள். அதற்காக நகையை வைக்காதே. வருமானம் எப்போது வரும் என்று தெரியாத வேலைக்கு மாதாமாதம் வட்டி கட்டுவது உன் அம்மாவுக்குத்தான் தலைவலி. அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்தோடு கடன் தருகிறார்களே என்று யாராவது சொன்னால், அது 35 வயது நிரம்பியவர்களுக்கு. உனக்கு இல்லை, மாமாவுக்கு உண்டு!

கருவியில் காசைக் கொட்டாதே. கால், அரை, முக்கால், ஒரு அங்குல உளிகள், கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, நல்ல கைரம்பம், மூலைமட்டம், சாணைக்கல். சாணைக்கல் மட்டும் மட்டமாக வாங்காதே. முனை மழுங்கிய உளியைத் தள்ளித் தள்ளித்தான் பலர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். தூசிக்கு முகக்கவசமும் கண்ணாடியும் இதே பட்டியலில் சேரும். மெஷின் இப்போது வேண்டாம். பலகையை மரவாடியிலேயே கூலிக்கு அறுத்து இழைத்து வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு லட்சத்தில் பெரும்பகுதியை வங்கியில் ஒரு வருட டெபாசிட்டில் போடச் சொல். கொஞ்சத்தை மட்டும் இப்போதே எடுத்துப் பச்சை வேப்பம்பலகை வாங்கு. ஒரு அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் என்பது பட்டறைக் கணக்கு. இடையில் குச்சி வைத்து, வெயில் படாமல், தரையை விட்டு உயர்த்தி அடுக்கினால் நீ படிப்பை முடிக்கும்போது மரமும் தயாராக இருக்கும். அடுக்க நம் பட்டறையில் வடக்குச் சுவர் ஓரம் இடம் ஒழித்து வைக்கிறேன். வாடகை கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பட்டறையைக் கூட்டிவிட்டுப் போ, போதும்.

அன்புடன்,
மாமா