10 கோடி பாட்டா, உங்க 20 பாட்டா? மியூசிக் ஆப்புக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"மாசம் நூறு ரூபாய்தானே, என்ன பெருசா போயிடப் போகுது?" இப்படி நினைச்சுத்தான் நம்மில் பல பேர் மியூசிக் ஆப்புக்கு சப்ஸ்கிரிப்ஷன் போடுறோம். மாசம் 100 ரூபாய்னா வருஷத்துக்கு 1,200 ரூபாய். வீட்டுல மூணு பேர் மூணு ஆப்புல தனித்தனியா கட்டினா 3,600 ரூபாய்.

நானும் ஒரு தடவை இதுல காசை விட்டிருக்கேன். "சிடியை விட நல்ல சவுண்ட்" அப்படிங்கிற வார்த்தையைப் பார்த்துட்டு ஒரு ஆப்புல வருஷ பிளான் எடுத்தேன். பாட்டு கேட்டதெல்லாம் பஸ்ல, ப்ளூடூத் இயர்பட்ஸ்ல. எட்டு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சது, நான் காசு கொடுத்த அந்தத் தரம் ஒரு நாள்கூட என் காதுக்கு வந்து சேரவே இல்லைன்னு. ஆப் மேல தப்பில்ல, கணக்குப் போடாம வாங்கினது நான்தான்.

நீங்க அந்தத் தப்பைப் பண்ணாம இருக்க, ரெண்டு விஷயத்தை மட்டும் சரியா பார்க்கணும். ஒண்ணு பாட்டு எண்ணிக்கை, இன்னொண்ணு சவுண்ட் தரம்.

1. பாட்டு எண்ணிக்கை

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் மூணுமே 10 கோடிக்கு மேல பாட்டு இருக்குன்னு சொல்றாங்க. ஒரு பாட்டு 3 நிமிஷம்னு வெச்சாலும், ராத்திரி பகல் தூங்காம கேட்டு முடிக்க 570 வருஷம் ஆகும்! அதனால 8 கோடியா 10 கோடியாங்கிறது நமக்குத் தேவையில்லாத போட்டி.

நமக்கு வேணுங்கிற பாட்டு அதுல இருக்கா? அதுதான் கேள்வி. பாட்டோட உரிமை ஆடியோ கம்பெனிகிட்ட இருக்கு. ஒப்பந்தம் இருந்தாத்தான் ஆப்புல பாட்டு இருக்கும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்தப்ப சரிகமா கம்பெனியோட ஒப்பந்தம் இல்லை. பழைய எச்.எம்.வி. ரெக்கார்டு பாட்டுகள் அந்தக் கம்பெனிகிட்டதான் இருக்கு. 2020-லதான் அந்த ஒப்பந்தம் ஆச்சு. அதே மாதிரி 2023 மார்ச்சுல ஜீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில இருந்து காணாம போச்சு. பாட்டு எண்ணிக்கை கோடிக்கணக்குல இருந்தும், அந்தப் பாட்டைத் தேடினவங்களுக்கு அது பூஜ்யம்தான்.

யூடியூப் மியூசிக்ல ஒரு வசதி உண்டு. யூடியூப்ல மத்தவங்க ஏத்தின கச்சேரி, மேடைப் பாட்டு மாதிரி விஷயங்களும் கிடைக்கும். ஆனா அந்த சவுண்ட் தரம், ஏத்தினவரைப் பொறுத்தது.

நீங்க செய்ய வேண்டியது: ஒரு பேப்பர்ல 20 பாட்டு எழுதுங்க. அப்பா அம்மா காலத்துப் பாட்டு 5, உங்க ஸ்கூல், காலேஜ் காலத்துப் பாட்டு 5, புதுப் பாட்டு 5, பக்தி, நாட்டுப்புறம், கச்சேரின்னு அரிதானது 5. இலவசப் பிளான்லயோ டிரையல்லயோ தேடிப் பாருங்க. வேற யாரோ பாடின கவர் வெர்ஷன் வந்தா கணக்குல சேர்க்காதீங்க. 20-க்கு 18 கிடைச்சா அந்த ஆப் உங்களுக்குப் போதும்.

2. சவுண்ட் தரம்

ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா வருதுங்கிறதுதான் பிட்ரேட். குழாயோட அகலம் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஆடியோ சிடியில இது 1,411 கேபிபிஎஸ்.

• ஸ்பாட்டிஃபை: இலவசத்துல மொபைல்ல 160 வரை, காசு கட்டினா 320 வரை. 2025 செப்டம்பர்ல இருந்து லாஸ்லெஸ் தரமும் ஒவ்வொரு நாடா வர ஆரம்பிச்சது. நீங்க எடுக்கிற பிளான்ல அது சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு கட்டுங்க.
• யூடியூப் மியூசிக்: அதிகபட்சம் 256.
• ஆப்பிள் மியூசிக்: சாதாரணமா 256. 2021 ஜூன்ல இருந்து கூடுதல் கட்டணம் இல்லாம லாஸ்லெஸ், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. செட்டிங்ஸ்ல நாமதான் ஆன் பண்ணணும்.

320 பெருசு, 256 சின்னதுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. ரெண்டும் பாட்டைச் சுருக்குற முறை வேற வேற.

இப்போ நான் மாட்டின இடத்துக்கு வருவோம். ப்ளூடூத் எந்தப் பாட்டையும் மறுபடி சுருக்கித்தான் இயர்பட்ஸுக்கு அனுப்புது. பெரும்பாலான இயர்பட்ஸ்ல இருக்கிற எஸ்பிசி முறையில சுமார் 328 கேபிபிஎஸ்தான் போகும். பெரிய டேங்க்ல தண்ணி ரொப்பி, சின்னக் குழாய்ல பிடிக்கிற கதை. லாஸ்லெஸ் முழுசா கேட்கணும்னா வயர் ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ வேணும்.

டேட்டாவும் செலவுதான். 320 தரத்துல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 144 எம்பி. சிடி தர லாஸ்லெஸ் அதைப் போல ரெண்டு மூணு மடங்கு இழுக்கும்.

காசில்லாத ஒரு டெஸ்ட்: ஒரே பாட்டை ரெண்டு தரத்துல 10 தடவை, எது எதுன்னு சொல்லாம, வீட்டுல ஒருத்தரைப் போடச் சொல்லுங்க. 9 தடவை சரியா சொன்னா உங்க காதுக்கு அந்தத் தரம் தேவை. 5, 6 தடவைதான்னா அது குத்துமதிப்பு. அதுக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

3. காசு கட்டும்போது

• வீட்டுல மூணு பேருக்கு மேல கேட்டா ஃபேமிலி பிளான் பாருங்க. ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் ரெண்டுலயும் 6 பேர் வரை சேரலாம்.
• டிரையல் எடுத்த அன்னைக்கே முடியிற தேதியைப் போன்ல அலாரமா வைங்க. ஆட்டோபே-ல பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம தள்ளிவிடாதீங்க.
• டவுன்லோட் பண்ணின பாட்டு உங்க சொத்து இல்லை, வாடகை. ரெஸ்ஸோ, விங்க் ரெண்டும் 2024-ல இந்தியாவுல மூடிட்டாங்க. அதனால முதல்ல மாசப் பிளான், பழகின பிறகு வருஷப் பிளான்.

ஆக, முதல்ல 20 பாட்டு, அடுத்து உங்க ஹெட்போன், கடைசியா விலை. இந்த வரிசையில பார்த்தா நீங்க கட்டுற ஒவ்வொரு ரூபாயும் உங்க காதுக்கு வந்து சேரும். இன்னைக்கு ராத்திரி அந்த 20 பாட்டை எழுதிடுங்க, அப்புறம் முடிவு தானா வரும்.