எளிய கைப்பேசிக்கும் பூட்டு உண்டு

பட்டாவின் படம், ஆதார் அட்டை, கூட்டுறவுச் சங்கக் கடன் இரசீது, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், பஞ்சாயத்துத் தீர்மானத்தின் நகல் ஆகிய யாவும் இன்று நம் அங்கத்தினர் பலரின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் அடங்கியிருக்கின்றன. சந்தையிலோ பஸ்ஸிலோ அது தொலைந்துபோனால், போவது கருவியின் விலை மட்டும் அன்று. எடுத்தவன் கையில் ஒரு குடும்பத்தின் கணக்கு வழக்கே போய்ச் சேரும்.

திரையில் பூட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். திரைப்பூட்டு வாசற்கதவைப் போன்றது. கருவியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சேமிப்புச் சில்லை வேறு இயந்திரத்தில் பொருத்திப் படிப்பவன் வாசல் வழியாக வருவதில்லை. கூரையைப் பிரித்து இறங்குகிறான். ஆகவே, உள்ளேயுள்ள எழுத்துக்களையே பிறர் படிக்க இயலாதபடி கலைத்து வைத்தல் அவசியம். இதற்குக் குறியாக்கம் என்று பெயர். சாவியாகிய இரகசிய எண் கிடைத்தால்தான் கலைத்ததை மீண்டும் ஒழுங்காக்கிப் படிக்கலாம்.

இதற்கு உலகெங்கும் வழங்கும் முறை ஏ.இ.எஸ். என்பது. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்த இம்முறையை அமெரிக்க அரசு 2001-ஆம் ஆண்டில் தன் தரமாக ஏற்றது. விலையுயர்ந்த கைப்பேசிகளின் செயலியில் இக்கணக்கை விரைந்து முடிப்பதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. மலிவான கைப்பேசிகளில் பொருத்தப்பட்ட கார்ட்டெக்ஸ் ஏ7 போன்ற செயலிகளில் அது இல்லை. அவை இக்கணக்கில் திணறும். எனவே 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, புதிய கருவிகளுக்குக் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியபோது, விநாடிக்கு 50 மெகாபைட்டைத் தாண்ட இயலாத கருவிகளுக்கு விலக்கு அளித்தது. விளைவு என்ன? வசதியுள்ளவர் பெட்டிக்குப் பூட்டு வந்தது. எளியவர் பெட்டி திறந்தே கிடக்கலாயிற்று. இதைச் சலுகை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பால் கிரௌலி, எரிக் பிக்கர்ஸ் ஆகிய இருவர் 2018-இல் இதற்கு வழி கண்டனர். தம் முறைக்கு அடியாண்டம் என்று பெயரிட்டனர். அது ஒரு பெரணி இனத்தின் தாவரவியற் பெயர். பழங்கிணறுகளின் ஈரச் சுவரிடுக்கில் கருங்காம்போடு தொங்குவதும் இந்த இனந்தான்.

கைப்பேசியின் சேமிப்பு 4096 பைட்டு கொண்ட பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலைத்த எழுத்தும் அதே பாத்திக்குள் அடங்க வேண்டும். ஒரு பைட்டுக்குக்கூட மிகை இடம் கிடையாது. அடியாண்டம் முறையில், முதலில் பாத்தி முழுவதிலிருந்தும் 16 பைட்டு அளவுள்ள முத்திரை ஒன்று திரட்டப்படுகிறது. கடினமான ஏ.இ.எஸ். கணக்கு அந்த முத்திரைக்கு மட்டும், ஒரே முறை. பின்னர், அதைக் கொண்டு உண்டாக்கிய எண்களின் ஓட்டம், மடையைத் திறந்துவிட்டாற்போல, பாத்தியெங்கும் பாய்ந்து எழுத்துக்களைக் கலக்கிவிடுகிறது. இந்த ஓட்டத்தை உண்டாக்குவது சாச்சா என்னும் முறை. கூட்டல், எண்களை வட்டமாக நகர்த்தல், இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிடல் என்பவையே அதன் கணக்குகள். எளிய செயலிக்கும் இவை பாரமல்ல. முடிவில் முத்திரையும் மறைக்கப்படுகிறது. பாத்தியில் ஓரெழுத்தை மாற்றினாலும் பாத்தி முழுவதும் வேறாகிவிடும்.

கார்ட்டெக்ஸ் ஏ7 செயலியில் இம்முறை, ஏ.இ.எஸ். கொண்டு செய்யும் வழக்கமான முறையைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரைவானது. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், அதனுடன் விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசிகளுக்குப் பழைய விலக்கு நீங்கியது.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. திரைப்பூட்டு எண் வைக்காதவரின் கைப்பேசியில், குறியாக்கம் இருந்தும் எடுத்தவன் எளிதில் திறந்துவிடுவான். சாவியைக் காப்பது அந்த எண்ணே. 1234 போன்றவை வேண்டா. எண்ணை மறந்தால் உரியவராலும் படிக்க இயலாது. ஆதலால் முக்கியப் பத்திரங்களுக்கு வேறிடத்தில் நகல் இருக்கட்டும். தனியே செருகும் நினைவக அட்டை பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. பட்டாவின் படத்தை அதில் வைக்கலாகாது. 2019-க்கு முற்பட்ட மலிவுக் கைப்பேசி வைத்திருப்போர், அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியைத் திறந்து, குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்று இன்றே பார்த்துவிடுக.