அந்தமான் கரையும் பாறை அமைப்பும்

அந்தமான் தீவுகளில் ஓரிடத்தில் கடல் கரையை ஓயாது அரிக்க, அதனை அடுத்த முனை அசையாது நிற்பதைக் காணலாம். இரண்டையும் தாக்குவது ஒரே கடல்தான். வேறுபடுவது பாறையின் இனமும், அது அமைந்துள்ள விதமும் ஆகும்.

தெற்கு அந்தமானின் பெரும்பகுதியில் மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஆழ்கடலில் படிந்த இவ்வடுக்குகளை, இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் அமிழ்வதால் எழுந்த நெருக்கம் மடித்துச் சாய்த்துவிட்டது. 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் கார்பின்ஸ் கோவ் கரையில் இவற்றைக் காணலாம். களிப்பாறை நனைந்தும் உலர்ந்தும் சில்லுகளாக உதிர்கிறது. அலை அச்சில்லுகளை வாரிச் சென்றதும், மேலுள்ள மணற்கல் தாங்குவாரின்றி வெடிப்புகளின் வழியே கட்டிகளாக விழுகிறது. வலிய பாறையின் ஆயுளை மெலிந்த பாறையே நிர்ணயிக்கிறது எனலாம்.

சாய்வின் திசை இதைவிட முக்கியமானது. அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்திருந்தால், ஊறிய மழைநீர் களிப்பாறையை வழுக்கலாக்க, மேலடுக்கு அப்படியே சரியக்கூடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெறும் தீவுகளில் இது சிறிய காரணமன்று. நிலத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் அதே பாறை நெடுங்காலம் நிற்கும். ஆகவே கரையோரச் சாலைக்கு இடம் தேர்வோர் கல்லின் கடினத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவது போதாது. அது எப்பக்கம் எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பதையும் அளத்தல் வேண்டும்.

அடுக்குகள் பொதுவாக வடக்கு தெற்காக ஓடுகின்றன. கரை அவற்றைக் குறுக்கே வெட்டும் இடங்களில் மணற்கல் முனைகளாக நீள, களிப்பாறை குடைந்து குடாவாகிறது. அக்குடாவில் தங்கும் மணலே மெலிந்த பாறைக்குக் காப்பு. கட்டடங்களுக்காக அதனை அள்ளியதன் விளைவுகள் கண்டு, மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

கிழக்கே ரிச்சி தீவுக்கூட்டத்தில் நிலைமை வேறு. அங்குச் சுண்ணாம்புக்கல்லும் பவளப் பாறையும் மிகுதி. அலையின் மோதலோடு நீரின் கரைக்கும் ஆற்றலும் சேர, பாறையின் அடி குடையப்படுகிறது. நீல் தீவின் (இன்றைய ஷஹீத் தீவு) இயற்கைப் பாலம் இவ்வாறு உருவானதே.

பாறை அமைப்பின் பங்கு இத்துடன் முடியவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளத் திட்டுகள் நீருக்கு வெளியே வந்தன. போர்ட் பிளேர்ப் பகுதியோ சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்களைக் கடல்நீர் மூடியது. தாழ்ந்த கரையில் முன்பு அலை எட்டாதிருந்த மென்மண்ணும் சிதைந்த பாறையும் அதன் வீச்சுக்குள் வந்தன. அத்தகைய இடத்தில் எழுப்பும் தடுப்புச் சுவர், அடித்தளம் உதிரும் களிப்பாறையைத் தாண்டி உறுதியான அடுக்கைத் தொடாவிடில், அலையால் அடி குடையப்பட்டுக் கவிழும்.